குடில் மலையும் செவ்வாய்ப் பள்ளமும்

ஹில்டா டீச்சருக்குக் கோபம் வந்தால் ராயபுரத்தில் கப்பல் சங்குகூட அடங்கிவிடும் என்பான் அவள் புருஷன் ஜார்ஜ். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்த தாமஸ் சார் வாயைத் திறந்ததும் அந்தக் கோபம் வந்தது.

விடிந்தால் பள்ளிக்கூடத்தில் கண்காட்சி. பார்க்க வருகிறவர் கல்வி அதிகாரி. தற்காலிகப் பூகோள டீச்சராகத் தொங்கிக்கொண்டிருந்த ஹில்டாவை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்பது அவர் கையில். அதற்காகவே செவ்வாய்க் கிரகத்தின் தென்பாதியை மூங்கில் பிளாச்சிலும் காகிதத்திலும் கட்டி வைத்திருந்தாள். அதிலுள்ள ஹெல்லாஸ் மலைக்கு, வீட்டுக் கிறிஸ்துமஸ் குடிலின் காகித மலையையே பரணிலிருந்து இறக்கிக் காவி பூசி ஒட்டியாயிற்று. பழைய புத்தகக் கடையில் கிடைத்த கிழிந்த படத்தில் அது மலையாகத்தான் தெரிந்தது.

அறிவியல் வாத்தியாரான தாமஸ் அந்தப் படத்தை வாங்கித் தலைகீழாகத் திருப்பினார்.

"டீச்சர், நிழல் எந்தப் பக்கம் விழுதுன்னு பாருங்க. இது மலை இல்லே, பள்ளம். எப்பவோ பெரிய கல்லு வந்து மோதினது. விளிம்பைச் சுத்தித்தான் மலைங்க. குறுக்கே போனா மெட்ராஸ்லேருந்து டெல்லி தூரம்."

ஹில்டா பார்த்தாள். மலை கண்ணெதிரே உள்ளே போய்விட்டது.

"டெல்லி தூரமா! ஜி.டி. எக்ஸ்பிரசே ரெண்டு ராத்திரி ஓடணுமே" என்றான் ரயில்வே யார்டில் வேலை செய்யும் ஜார்ஜ். "அம்மாம் பெரிய பள்ளத்த இப்போ எங்க தோண்டுவே?"

"கொஞ்சம் சும்மா கீறியா நீ!"

மலையைப் பிய்த்து மூலையில் எறிந்தாள். வேலை போச்சு என்று நினைத்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மலை மல்லாந்து விழுந்தது.

குடில் மலைக்குள் என்ன இருக்கும்? ஒன்றும் இருக்காது. பசையில் தோய்த்த காகிதத்தைக் கவிழ்த்த கூடைமேல் ஒட்டி, காய்ந்ததும் உருவி எடுப்பார்கள். மல்லாந்து கிடந்தபோது அது ஆழமான பள்ளம்தான். பிய்ந்த ஓரங்கூடச் சுற்றிலும் மலைத்தொடர் மாதிரி நின்றது.

"யோவ், கத்திரி எங்கய்யா கீது!" என்று கத்தினாள் ஹில்டா.

கிரகத்தில் ஓட்டை வெட்டி, மலையைத் தலைகீழாக உள்ளே இறக்கினார்கள். அளவெடுத்துச் செய்ததுபோல உட்கார்ந்தது. அங்கிருந்துதான் புழுதிப் புயல் கிளம்பும் என்று தாமஸ் சார் சொன்னதால், அடியில் செங்கல் தூளைத் தூவினாள்.

மறுநாள் அதிகாரி முழங்கை வரை கையை விட்டு, "இவ்வளவு ஆழமா?" என்றார்.

"செவ்வாயிலேயே தாழ்ந்த இடம் இதுதான், சார்."

போகும்போது தலைமையாசிரியையிடம், "இந்த அம்மாவை விட்டுடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மலைபோல வந்தது பனிபோலப் போயிற்று. ஹில்டா வீடு வரை தனக்குள் சிரித்துக்கொண்டே நடந்தாள்.

கிரகத்தைப் பள்ளிக்கூடம் தன்னிடமே வைத்துக்கொண்டது. அந்த டிசம்பரில் ஜார்ஜ் வைக்கோலைப் பரப்பி, யேசு பாலனைச் சமதரையிலேயே படுக்க வைத்தான். குடில் பார்க்க வந்தவர்களெல்லாம் மலை எங்கே என்று கேட்டார்கள்.

"அது செவ்வாய்க்குப் போயிக்கீது" என்றான் ஜார்ஜ். "எங்க ஹில்டாவுக்கு வேலைய வாங்கிக் குடுத்துட்டு அங்கியே தங்கிடுச்சு."