புதிதாக அடித்த நம்பர்

ரிடையர் ஆன மறுமாதம் என் வீட்டுக்காரர் பெனடிக்ட் எனக்கு ஒரு கார் வாங்கினார். கேட்கிறவர்களுக்கு நன்றாகத்தான் இருக்கும். பாலக்கரையில் ஒரு வீட்டுப் பின்பக்கம் இருபது வருஷமாக மழையில் நனைந்து கிடந்த அறுபத்து நாலாம் வருஷத்து பியட் அது. கயிறு கட்டி இழுத்து வந்து, பொன்மலையில் எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தினார். கதவைத் திறந்து பார்த்தால் கால் வைக்கிற இடத்தில் தகடே இல்லை, தரை தெரிந்தது.

"என் பேர்ல எதுக்குங்க வாங்கினீங்க?" என்றேன்.

"உனக்குத்தான ரோசா."

"நான் கேட்டேனா?"

அதற்குள் டயரைத் தட்டிப் பார்க்கக் குனிந்துவிட்டார். அவரிடம் பதில் வாங்குவதற்கு மாதா கோயிலில் போய் முட்டி போட்டுவிடலாம்.

வண்டியின் ஆர்.சி. காலாவதியாகிப் பல வருஷம் ஆகியிருந்தது. சரிசெய்து கொண்டுபோய்க் காட்டி, ஆர்.டி.ஓ. ஆபீசில் புதுப்பித்துக் கொடுத்தால் ரோட்டில் ஓட்டலாம். கொடுக்காவிட்டால் அது கார் இல்லை, வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற இரும்பு. ஒரே ஒரு தடவை அதை ஓட்டிக்கொண்டு பெரிய ரோட்டில் போய்விட வேண்டும் என்பதைத் தவிர அந்த மனுஷனுக்கு வேறு ஆசை இல்லை. மூன்று வருஷம் அதிலேயே கிடந்தார்.

முப்பத்தாறு வருஷம் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வெல்டராக இருந்தவர். ஒட்டுப்போடுவது அவருக்கு ஆகாது. துருப்பிடித்த இடத்தை நல்ல இரும்பு வருகிற வரைக்கும் வெட்டி எடுத்துவிட்டு, அதே அளவில் புதுத் தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும். ரயில் பெட்டிக்கு அப்படித்தான் செய்வார்களாம். தகடு மாற்றின பிறகு பெட்டியின் நம்பரை அதன்மேல் மறுபடி எழுதிவிடுவார்களாம். தரை போயிற்று, கதவின் அடிப்பகுதி போயிற்று. கடைசியில் பானெட்டுக்குள்ளே கம்பெனியில் சேஸ் நம்பர் குத்தியிருந்த தகட்டிலும் துரு இருந்தது. அதையும் வெட்டினார். நம்பரை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு, புதுத் தகட்டில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, ஒவ்வொரு எண்ணாகச் சுத்தியால் அடித்தார். அடித்து முடித்ததும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"பழசுல எட்டு சாஞ்சிருந்துச்சு. இப்ப பாரு."

நன்றாக இருக்கிறது என்றேன். எனக்கு என்ன தெரியும்?

வெட்டியதை எல்லாம் ஓர் உரச்சாக்கில் போட்டு, சமையலறைப் பின்வாசலில் வைத்திருந்தார். எடுங்கள் எடுங்கள் என்று எத்தனை தடவை சொன்னேன் என்பதற்குக் கணக்கில்லை. ஒருநாள் அதில் நீட்டிக்கொண்டிருந்த தகடு என் காலைக் கிழித்துவிட்டது. ஊசி போட்டுக்கொண்டு வீடு திரும்புகிறேன், பழைய இரும்பு வாங்குகிறவர் தெருவில் கத்திக்கொண்டு வருகிறார். சாக்கோடு தூக்கிக் கொடுத்துவிட்டேன். அவ்வளவு கோபம் எனக்கு. வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. அவரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

போன மாதம் தைரியராஜ் என்பவரின் மினி லாரியில் கயிறு கட்டி வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கொண்டுபோனோம். ஓனர் கையெழுத்துப் போட வேண்டும் என்பதால் நானும் போனேன். பிரேக் இன்ஸ்பெக்டர் சிவசங்கர் சின்ன வயது, மரியாதையான பிள்ளை. வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "வீட்லயே செஞ்சீங்களா சார்? சூப்பரா இருக்கு" என்றார். என் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம் பானெட்டைத் திறந்து, நம்பர்மேல் வெள்ளைக் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். பாதியில் நிறுத்திவிட்டு விரலால் தடவிப் பார்த்தார்.

"இது பழைய நம்பர் இல்லையே. யார் அடிச்சது?"

"நான்தான் சார். ஸ்கேல் வெச்சு அடிச்சேன்."

பக்கத்தில் நின்ற ஏஜென்டுகள் சிரித்துவிட்டார்கள். சிவசங்கர் சிரிக்கவில்லை.

"திருட்டு வண்டிக்குத்தான் சார் நம்பரை வெட்டிட்டு வேற அடிப்பாங்க."

ஒரு மெமோகூட வாங்காமல் ரயில்வே வேலையை முடித்துவிட்டு வந்த மனுஷன் என் வீட்டுக்காரர். முகம் செத்துப்போயிற்று. துருவையும் தகட்டையும் ரயில் பெட்டியையும் பற்றித் திக்கித் திக்கிச் சொன்னார். அந்தப் பிள்ளை பொறுமையாகக் கேட்டது.

"நான் நம்பறேன் சார். ஆனா வெட்டின பழைய தகடு வேணும். இருந்தா எடுத்துட்டு வாங்க, மேல எழுதிப் பாக்கறேன். அது இல்லாம என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

"இருக்கு சார்! சாக்குல பத்திரமா இருக்கு. இதோ அரை மணி நேரத்துல கொண்டாந்துடறேன்."

சொல்லிவிட்டு லாரியைப் பார்த்து ஓட ஆரம்பித்தார். அறுபத்து மூன்று வயதில் ஓட்டம். உங்களிடம் மறைப்பானேன், வாயைத் திறக்காமல் இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். வீடு முழுக்கத் தேடுவார், எங்கேயோ போய்விட்டது என்று விட்டுவிடுவார். ஆனால் அவர் மண்டி போட்டுக் கொல்லையில் துழாவுவதை நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டுமே.

"என்னங்க, நில்லுங்க. அங்க இல்ல."

திரும்பினார்.

"எடைக்குப் போட்டுட்டேன். போன வருஷமே. சாக்கோட."

அத்தனை பேருக்கும் கேட்டது. அவர் என்னைப் பார்த்தார். பிறகு நடந்து வந்து இன்ஸ்பெக்டரிடம் சொன்னார்:

"அவ மேல தப்பில்லை சார். வெட்டினதுல எதை வெச்சுக்கணும், எதைக் கழிக்கணும்னு எழுதி சீட்டு கட்டி வெக்கணும். ஒர்க்‌ஷாப்புல அதான் முறை. நான் கட்டலை."

சிவசங்கர் தலையைக் குனிந்துகொண்டு, பதிவு புதுப்பிக்க இயலாது என்று எழுதினார். "ஓனர் யாருங்க?" என்றார். நான்தான் என்றேன். காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

திரும்பும்போது மறுபடி கயிறு கட்டினார்கள். கட்டி இழுத்தாலும் ஸ்டியரிங்கைப் பிடிக்க ஆள் வேண்டும், அவர் உட்கார்ந்தார். தைரியராஜ் பக்கத்தில் போய் ஏற எனக்கு மனசு வரவில்லை. காரிலேயே ஏறிக்கொண்டேன். சீட் மெத்தென்று இருந்தது.

"ஒரு வார்த்தை திட்டுங்களேன்" என்றேன்.

ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பொன்மலைக்குத் திரும்புகிற இடம் வந்தது. கண்ணாடியை இறக்கி, வலது கையை நேராக வெளியே நீட்டினார்.

"எதுக்குங்க கை காட்டறீங்க? லாரிக்காரர்தான் லைட் போட்டுட்டாரே."

"பின்னால வர்றவனுக்கு நம்ம வண்டிதான ரோசா தெரியும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கவில்லை. வண்டி திரும்பி முடிகிற வரைக்கும் அவர் கையை உள்ளே எடுக்கவில்லை.