வேனுக்கடியில் விரித்த அட்டை

வாசலில் வேன் உறுமியதும் பெண்கள் எல்லாரும் குரலைக் கூட்டி அழுதார்கள். சவப்பெட்டி புறப்படப் போகிறது என்று நினைத்துவிட்டார்கள். கிருஷ்ணகுமாரி மட்டும் அழவில்லை. புருஷன் நாகலிங்கத்தின் தலைமாட்டில் உட்கார்ந்தபடி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். எஞ்சின் சத்தம் சரிதான். அதற்கடியில் சளசளவென்று என்னவோ கொட்டுகிறது.

"நிப்பாட்டுங்க! தம்பி, வேன நிப்பாட்டுங்க!"

அவள் போட்ட சத்தத்தில் ஒப்பாரி அப்படியே நின்றுபோனது. வெளியே எஞ்சினும் நின்றது. கொழுந்தன் யோகராஜ் வாசற்படியில் வந்து நின்றான். கொடகவெலையில் த்ரீவீலர் ஓட்டுகிறவன். முழங்கை வரைக்கும் ஒயில்.

"ஒயில் எல்லாம் கொட்டிருச்சு அண்ணி. நாலு லீட்டரும் நெலத்துல. புது ஃபில்டர நல்லாத்தான் முறுக்கினேன், எப்பிடின்னு வெளங்கல."

"அப்ப டவுன்ல சொல்லி மலர்ச்சாலைப் பொண வண்டிய எடுங்கடா," என்றாள் மூக்காயி, நாகலிங்கத்தின் அத்தை. "மூணு மணிக்குள்ள எடுக்கணும். பொணத்த வச்சிக்கிட்டு வேன் ரிப்பேர் பாத்த வீடு எங்கயாவது உண்டா?"

கிருஷ்ணகுமாரிக்குச் சுருக்கென்றது. வாடகை வண்டியிலா போவார் இவர்? இந்தத் தோட்டத்து டிவிசனில் வலி எடுத்த பொம்பளைகளையும், பாம்பு கடித்தவர்களையும், செத்தவர்களையும் பன்னிரண்டு வருஷமாகச் சுமந்த வேன் அது. வளைவுக்கு வளைவு பள்ளம் பறித்த தோட்டத்து ரோட்டில் ஒரு நாளாவது நடுவழியில் நின்றதுண்டா? "நான் போறதும் என் வேன்லதான், வேற எவன் வண்டியிலயும் என்னைய ஏத்திராதீங்க" என்று சிரித்துக்கொண்டே எத்தனை தடவை சொல்லியிருப்பார். அந்த மனுஷனுக்கு நேற்று நெஞ்சு வலித்தபோது அவருடைய வேனில் சொட்டு ஒயில் இல்லை. யோகராஜின் த்ரீவீலரில் ஏற்றினார்கள். கஹவத்தை ஆஸ்பத்திரி வாசலைப் பார்க்க முந்தியே உயிர் போய்விட்டது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே பழைய ஒயிலை இறக்கிவிட்டு வேனுக்கடியில் படுத்திருந்தார். அவருக்கு ஒரு பழக்கம். பழைய ஃபில்டரைக் கழற்றி வெளியே தள்ளிவிட்டு, "குமாரி, இருக்கா?" என்பார். அவள் அதைத் துணியால் துடைத்து, அதன் வாயில் அந்தக் கறுப்பு ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பார்த்து, "இருக்குங்க" என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் புது ஃபில்டரைத் தொடுவார். வேன் வாங்கிய வருஷம் பழைய வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு, அதன் மேலேயே புதுசையும் முறுக்கி, லயத்து வீட்டு வாசலே ஒயில் குளமாகிவிட்டது. அன்றிலிருந்து இந்தப் பரீட்சை. அவருடைய மூக்குக்கண்ணாடியில் எப்போதும் ஒயில். பார்க்கிற வேலை அவளுடையது.

நேற்றும் கேட்டார். "குமாரி, இருக்கா?"

அவள் அடுப்பில் ரொட்டி போட்டிருந்தாள். "வாரேன் வாரேன்" என்று சொல்லிவிட்டு ரொட்டியைத் திருப்பினாள். ஒரே ஒரு ரொட்டி. வெளியே வந்து பார்த்தால் வேன் சக்கரத்தில் சாய்ந்து, நெஞ்சைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

மிச்ச வேலையை இன்றைக்கு யோகராஜ் முடித்தான். அவனிடம் யார் கேட்டார்கள், இருக்கா என்று? பாவம், அவன் என்ன செய்வான்.

கிருஷ்ணகுமாரி எழுந்தாள்.

"அடியே, எங்கடி போற? உக்காரு. பொணம் கெடக்கையில நீ எந்திரிக்கக் கூடாது," மூக்காயி சேலையைப் பிடித்தாள்.

"அவரு வேலையத்தான் அத்தை பாக்கப் போறேன்." சேலையை மெல்ல விடுவித்துக்கொண்டு வெளியே போனாள்.

தப்படிக்கிறவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. சுவரோரம் இருந்த பேசினுக்குள் பழைய ஃபில்டர் கிடந்தது. எடுத்துத் துடைத்தாள். வாயில் வளையம் இல்லை.

"தம்பி, பழைய வாசர் எஞ்சின்லயே ஒட்டிக்கிட்டு இருக்கு. அதுக்கு மேல புதுச மாட்டிட்டீங்க."

யோகராஜ் தலையில் அடித்துக்கொண்டான். "ஐயோ, நான் பாக்கவே இல்லையே அண்ணி! நகருங்க, நான் படுக்கிறேன்."

"ஒங்க கை பெருசு. நான் பாத்துக்கிறேன். ஷிராஸ் தம்பிக்கு ஃபோன் போடுங்க, ஒயில் வேணும்."

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒயில் ஊறிய மண்ணில் ஒரு சாக்கைப் போட்டு மல்லாந்து படுத்து உள்ளே போனாள். பன்னிரண்டு வருஷம் வெளியே நின்று டோர்ச் பிடித்தவளுக்கு எது எங்கே என்று தெரியாதா? புது ஃபில்டரைக் கழற்றினாள். மேலே விரலை விட்டுத் தடவினாள். வழுவழுவென்று ஒட்டிக்கொண்டிருந்தது வளையம். நகத்தால் நெம்ப, பிடிவாதம் பிடித்து, பிறகு மெதுவாகக் கழன்று உள்ளங்கையில் விழுந்தது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. வேனுக்கடியில் அவள் அழுததை யாரும் பார்க்கவில்லை.

அழுதுகொண்டே புது ஃபில்டரின் வளையத்தில் ஒயில் தடவி, கையால் முறுக்கி, முட்டியதும் இன்னும் முக்கால் சுற்று. அவ்வளவுதான். அதற்கு மேல் முறுக்குகிறவன் மெக்கானிக் பாஸும் இல்லை, டிரைவரும் இல்லை என்பார் அவர்.

ஸ்பெயார் பார்ட்ஸ் கடை ஷிராஸ் சைக்கிள் கணக்காக மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே மேட்டில் ஏறி வந்தான். வழி நெடுக ஆட்கள். ஹாண்டிலின் இரண்டு பக்கமும் ஒயில் கேன் தொங்கியது. வேனுக்கடியிலிருந்து வெளியே வந்தவளைப் பார்த்ததும் மோட்டார் சைக்கிளை அப்படியே சுவரில் சாய்த்தான்.

"அக்கா... நீங்களா மாட்டினீங்க?"

"ஆமா தம்பி. ஊத்துங்க."

"ஹரி ஹரி," என்று சிங்களத்தில் சரி சொல்லி மூடியைத் திறந்தான். "லிங்கண்ணன் கடைக்கு வந்தா ஒங்களைப் பத்தித்தான் சொல்லுவாரு. 'நான் மாட்டுறது பெருசில்ல ஷிராஸ், குமாரி பாத்துச் சொன்னாத்தான் என் வேன் ஓடும்'னு. நான் சும்மா பகிடின்னு நெனச்சேன்."

 கையைத் துடைக்கிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஒயில் ஊற்றினார்கள். அளவுக் கம்பியை அவளே இழுத்துப் பார்த்தாள். யோகராஜ் வேனைக் காய்ந்த இடத்துக்குத் தள்ளி, ஒயில் சொட்டினால் தெரியட்டும் என்று அடியில் ஒரு புது அட்டைப் பெட்டியைப் பிரித்து விரித்தான். எஞ்சினைப் போட்டார்கள். கால் மணி நேரம் ஓடியது. தப்பு மறுபடி முழங்கத் தொடங்கியது.

மூடி வைக்கும் முன் கிருஷ்ணகுமாரி பெட்டியருகில் போனாள். ஒரு கையில் பழைய ஃபில்டர். வளையத்தை அதன் வாயில் இருக்க வேண்டிய இடத்தில் வைத்து அழுத்தினாள். பிறகு குனிந்து, அவர் காதோரம் சொன்னாள்.

"இருக்குங்க."

பெட்டியோடு வேன், காலையில் வேலையாட்கள் கூடும் பெரட்டுக்களத்தைத் தாண்டி மேட்டில் ஏறியது. இருமவில்லை, திணறவில்லை, அவர் ஓட்டுகிற மாதிரியே ஏறியது. பெண்கள் வழக்கப்படி லயத்துக் கோடியில் நின்றுவிட்டார்கள். மலைவளைவில் சத்தம் மறையும் வரை அவள் தலை நிமிர்ந்தே நின்றாள்.

திரும்பி வந்து வாசலில் குந்தினாள். அட்டை விரித்தபடியே கிடந்தது.

"அங்க என்னடி பாக்குற? வந்து குளி," என்றபடி மூக்காயியும் பக்கத்தில் வந்து குந்தினாள். கொஞ்ச நேரம் அட்டையைப் பார்த்தாள். பிறகு அதன் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் உள்ளங்கையால் அழுத்தித் தடவினாள். கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, பின்னால் நின்ற பெண்களுக்கு உயர்த்திக் காட்டினாள். கை காய்ந்திருந்தது.