தக்கை மீன்

அமெரிக்காவிலிருந்து வந்த பார்சலைப் பிரித்ததுமே, தான் வாங்கியது இதுவல்ல என்று சித்ரலேகாவுக்குத் தெரிந்துவிட்டது.

அவள் திருநெல்வேலி டவுனில் பல் மருத்துவர். மதியம் கடைசி நோயாளி போன பிறகு, கையைக் கழுவி, மேசையைத் துடைத்துவிட்டுத்தான் இதுபோன்ற பார்சல்களைத் தொடுவாள். இரண்டு அட்டைகளுக்கு நடுவே ஒரு பழைய கடித உறை இருந்தது. உறைக்குள் கடிதம் இல்லை, பெரும்பாலும் இருப்பதில்லை. மேலே பச்சை நிறத்தில் மூன்று சென்ட் தபால்தலை. அதன்மேல் கறுப்பு மையில் ஒரு மீன்.

அவள் வாங்கியிருந்தது இலை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பெரிய தபால் அலுவலகங்களுக்குத்தான் அரசாங்கம் முத்திரைகளை ஒழுங்காகக் கொடுத்தது. ஆனால் எந்த ஊராக இருந்தாலும், ஒட்டிய தபால்தலையை யாரும் நனைத்தெடுத்து மறுபடி ஒட்டிவிடாதபடி அதன்மேல் மையடித்தே ஆகவேண்டும். சின்ன ஊர்களின் போஸ்ட்மாஸ்டர்கள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பாட்டில் தக்கையை எடுத்துப் பேனாக்கத்தியால் செதுக்கி, மையில் ஒற்றி அடித்தார்கள். இரண்டு குறுக்குக்கோடுகளே போதும். ஆனால் வேலையில்லாத மதியங்களில் சிலர் நட்சத்திரம் செதுக்கினார்கள், சிலர் மண்டையோடு, ஒருவர் ஓடுகிற கோழி.

சேகரிப்பவர்கள் பலருக்குத் தபால்தலையின் முகம் சுத்தமாக இருக்க வேண்டும். சித்ரலேகாவுக்கோ அதன்மேல் விழுந்த அடிதான் வேண்டும். நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் நூலளவு நூலளவாகச் செதுக்குகிறவள் அவள். எங்கோ ஒருவர் தக்கையைக் கையில் வைத்துக்கொண்டு இன்றைக்கு என்ன செதுக்கலாம் என்று யோசித்திருப்பார் அல்லவா, அந்த யோசனையின் மேல்தான் அவளுக்கு ஆசை.

மீனும் அவளுக்குப் புதிதல்ல. வெர்மான்ட் மாநிலத்து மலைகளுக்குள் வெஸ்ட் ஹார்லோ என்று ஒரு சிற்றூர். அந்த ஊரின் இலையும் மீனும் ஒரே வியாபாரியிடமிருந்து ஒரே நாளில் இணைய ஏலத்துக்கு வந்தன. இரண்டையும் கேட்டாள். இலை கிடைத்தது. மீனைக் கடைசி நிமிடத்தில் 'பம்ப்செட்55' என்ற பெயரில் ஒருவர் தட்டிக்கொண்டு போனார். கான்சாஸ் பக்கத்து விவசாயி யாரோ என்று நினைத்து மனதுக்குள் திட்டியிருந்தாள்.

விற்றவர் பார்சல்களை மாற்றி அனுப்பியிருக்கிறார்; இப்போது ரசீதில் வாங்கியவரின் பெயரைப் படித்தாள். ஜே. அப்பாத்துரை, மார்க்கெட், பாளையங்கோட்டை.

கான்சாஸ் விவசாயி ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான் இருந்தார்.

ரசீதிலிருந்த எண்ணைக் கூப்பிட்டாள்.

"ஜாஸ்பர் அப்பாத்துரை பேசுதேன். மோட்டாரா, பைப்பா?"

"ரெண்டும் இல்ல சார். ஒங்க மீன் எங்கிட்ட வந்திருக்கு."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அப்ப இந்த இலை ஒங்களதா? காலைல இருந்து ரசீதையே பாத்துக்கிட்டு இருக்கேன். கூப்புடுவமா வேண்டாமான்னு ஒரே யோசனை."

"ஏன் வேண்டாம்?"

"பல்லு டாக்டர்னு போட்டிருந்திச்சு."

மறுநாள் மதியம் இடைவேளையில் அவள் மீனை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் பாலத்தைக் கடந்து போனாள். கடை முழுக்க மோட்டார்களும் பிளாஸ்டிக் குழாய்களும் அடைந்து கிடந்தன. ஜாஸ்பர் ஐம்பதைத் தாண்டியவர். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். கல்லாவில் அவர் மனைவி சாரம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

"வாங்கம்மா," என்றாள் அவள். "இப்படி இன்னொரு ஆள் ஒலகத்துல இருக்கும்னே நான் நெனைக்கல. அதுவும் டவுன்லயே."

பின்னறையில் ஜாஸ்பர் தன் ஆல்பங்களைக் காட்டினார். மோட்டார் மாட்டப் போகிற ஊர்களில் ஓடை எங்கிருந்து வருகிறது, சாலை எப்போது போட்டார்கள் என்று விசாரிக்கிற பழக்கம் அவருக்கு உண்டு. அதே பழக்கம்தான் அமெரிக்கச் சிற்றூர்களின் மேலும் போய்விட்டது. ஒவ்வொரு உறைக்கும் பக்கத்தில் அந்த ஊரின் படத்தை வரைந்து வைத்திருந்தார். தபால் எந்த வழியாகப் போயிருக்கும், எங்கே குதிரை, எங்கே ரயில் என்று அம்புக்குறிகள் போட்டிருந்தார். சித்ரலேகா பக்கங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தாள். தேநீர் ஆறிப்போனது.

"ஏலத்துல போட்ட படத்த பாத்தே இந்த மீனுக்கு ஒரு கட்டுரை எழுதி முடிச்சிட்டேன் டாக்டர்," என்றார் ஜாஸ்பர். "முத்திரை சேக்கிறவங்களுக்குன்னு அமெரிக்காவுல ஒரு பத்திரிகை இருக்கு. அதுக்கு அனுப்பணும். அந்த போஸ்ட்மாஸ்டர் நல்ல விசுவாசி. ஆதிக் கிறிஸ்தவங்க ஒருத்தர ஒருத்தர் அடையாளம் காண மீன்தான வரைஞ்சாங்க. சர்க்கார் தபால்ல அவரு பைய தன்னோட சாட்சிய வச்சிட்டாரு."

சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. சித்ரலேகா இரண்டு உறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இலையுள்ள உறையின் ஊர் முத்திரையில் அக்டோபர் மூன்று. மீனுள்ளதில் நவம்பர் பத்தொன்பது. வருடம் இரண்டிலும் இல்லை. அந்தக் காலத்து முத்திரைகள் பலவற்றில் வருடம் இருக்காது. பூதக்கண்ணாடியை எடுத்து முதலில் மீனைப் பார்த்தாள், பிறகு இலையை, மறுபடியும் மீனை.

அது மேப்பிள் இலை. விரித்த கைபோல ஐந்து மடல்கள். நடு மடலில், நுனிக்குச் சற்றுக் கீழே, ஊசிமுனையளவு வெள்ளைப் புள்ளி. மீனின் கண்ணும் ஒரு வெள்ளைப் புள்ளிதான்.

"அண்ணாச்சி, ஒரு ஸ்கேல் இருக்கா?"

நுனியிலிருந்து புள்ளிவரை அளந்தாள். இரண்டிலும் ஒரே தூரம்.

"தக்கைல இயற்கையாவே ஓட்டை இருக்கும்," என்றாள். "அங்கன மை ஒட்டாது. இது செதுக்குன கண்ணு இல்ல. ரெண்டும் ஒரே தக்கை. ரெண்டு பக்க மடலும் காம்பும் ஒடஞ்சு போச்சு. நடு மடல் ஒடம்பாயிட்டு. அடி மடல் ரெண்டும் வால்."

ஜாஸ்பர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். நிமிர நேரமாயிற்று.

"ஒடஞ்சது இம்புட்டு அழகா மீனாவா ஒடையும்?"

"ஒடையலாம்."

"பல்லு வேற, தக்கை வேற டாக்டர்." அவர் மீனை எடுத்து உறையோடு ஆல்பத்தில் வைத்து மூடினார். "ஒங்க இலைய எடுத்துக்கோங்க. சரியாப் போச்சு."

பாலத்தில் திரும்பி வரும்போது சித்ரலேகாவுக்கு உறுத்தியது. ஒரு மனிதர் முதன்முதலாகத் தன் பொக்கிஷத்தை ஒருவரிடம் திறந்து காட்டியிருக்கிறார். வந்த முதல் நாளே அதைப் பிடுங்கிப் போட்டாயிற்று. ஆனாலும் அந்தப் புள்ளி மனதை விட்டுப் போகவில்லை. தான் சொன்னது சரியா என்று அவளுக்கே தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழிதான் இருந்தது.

அன்று மாலையே மறுபடி கூப்பிட்டாள். "அண்ணாச்சி, நாமளே ஒண்ணு செதுக்கி அடிச்சுப் பாப்பமா? நான் சொன்னது தப்புன்னா ஒங்க கட்டுரைல எம் பேரப் போட்டே எழுதுங்க."

"தக்கைக்கு எங்கன போக? எங்கிட்ட கேஸ்கட் தக்கைதான் இருக்கு. அது தூளை ஒட்டுனது."

பின்னால் சாரம்மாளின் குரல் கேட்டது. "கிறிஸ்மஸுக்குத் திராட்சரசம் ஊத்தி வச்ச பாட்டில் எம்புட்டு கெடக்கு. தக்கை வேணும்னா அத எடுங்க."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கணவனும் மனைவியும் பாட்டில் தக்கைகளோடு சித்ரலேகாவின் மருத்துவமனைக்கு வந்தார்கள். நோயாளிகளின் நாற்காலியில் ஜாஸ்பர் உட்கார மறுத்துவிட்டார். சாரம்மாள் ஏறிச் சாய்ந்துகொண்டு, விளக்கை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தாள். சித்ரலேகா இலையின் அச்சைத் தக்கையின் தலையில் வரைந்து, பல்லைக் குடையும் சிறு டிரில்லால் ஓரங்களைக் குடைந்தாள். ஜாஸ்பர் விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்து மை செய்து வந்திருந்தார். அந்தக் கால மை ஏறக்குறைய அப்படித்தான் என்று எங்கோ படித்திருந்தாராம்.

முதல் அச்சு பழைய செய்தித்தாளின் ஓரத்தில் விழுந்தது. மேப்பிள் இலை. மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார் ஜாஸ்பர், மனமில்லாமல்.

சாரம்மாள் நாற்காலியிலிருந்து இறங்கி வந்து தக்கையை வாங்கிக்கொண்டாள். தபால்காரர் மாதிரி மடமடவென்று செய்தித்தாள் முழுக்க அடித்தாள். பக்கங்கள் திரும்பின. காம்பு முதலில் போனது. அதற்குப்பின் நுனி மழுங்கியது. கொஞ்ச நேரத்தில் அச்சு நண்டுபோல இருந்தது.

"இது நண்டு," என்றார் ஜாஸ்பர். குரலில் மகிழ்ச்சி எட்டிப்பார்த்தது.

சித்ரலேகா இன்னொரு தக்கையை எடுத்துச் செதுக்கினாள். அதை அடித்து அடித்து அழுத்தியபோது வேறொன்று நடந்தது. மடல்களுக்கு நடுவிலிருந்த பள்ளங்களில் மை இறுகி அடைத்துக்கொண்டது. அச்சு வெறும் கறுப்பு வட்டமாக விழத்தொடங்கியது.

"இப்படி அடைச்சா போஸ்ட்மாஸ்டர் என்ன செய்வாரு?" என்று கேட்டாள் சாரம்மாள்.

"சுத்தம் பண்ணுவாரு," என்றார் ஜாஸ்பர். சட்டைப்பையில் எப்போதும் வைத்திருக்கும் சின்னத் திருப்புளியை எடுத்தார். "கொண்டா இங்கன."

பள்ளங்களில் இருந்த மைக்கட்டியை அவர் பைய நெம்பினார். மோட்டார் வேலை பார்த்துப் பழகிய கை. நிதானமாகத்தான் செய்தார். ஆனால் மையில் ஊறிய தக்கை இளகிப்போயிருந்தது. ஒரு பக்க மடல் மைக்கட்டியோடு சேர்ந்தே வந்துவிட்டது. மறுபக்கத்தை இன்னும் கவனமாக நெம்பினார். அதுவும் வந்தது. காம்பு எப்போதோ போயிருந்தது.

அவர் தக்கையைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு மையில் ஒற்றி, செய்தித்தாளில் ஒரு சுத்தமான இடம் தேடி அடித்தார்.

மீன்.

சாரம்மாள் கணவனின் முகத்தைப் பார்த்தாள். அவர் திருப்புளியைத் துடைத்துப் பைக்குள் வைத்தார்.

"அம்புட்டுதான்," என்றார். "நானே ஒடச்சிட்டேன்."

"அண்ணாச்சி, இது ஒரு வழிதான். இப்படித்தான் நடந்திச்சின்னு..."

"இல்ல டாக்டர். இப்படித்தான் நடந்திருக்கும். எங் கையே சொல்லுதே."

அவர் தன் பையிலிருந்து ஆல்பத்தை எடுத்தார். ஊருக்குப் போகும் பிள்ளையை இன்னொரு முறை பார்ப்பதுபோல மீனை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அந்த மீனின் ஒவ்வொரு ஓரமும் அவருக்கு மனப்பாடம். தங்கள் மீனையும் அதையும் மாறி மாறிப் பார்த்தவர், திடீரென்று பூதக்கண்ணாடிக்குக் கை நீட்டினார்.

"டாக்டர், நம்ம மீனுக்கு வாய் இல்ல."

சித்ரலேகா குனிந்தாள். செய்தித்தாளில் இருந்த மீனின் தலை வெறும் கூர்முனை. உறையின் மேலிருந்த மீனின் தலையில் சிறிய பிளவு, லேசாகக் கீழ்நோக்கிச் சாய்ந்து. தன் இலையை எடுத்து அதே இடத்தைப் பார்த்தாள். இலையின் நுனி முழுசாக இருந்தது.

விளக்கை இன்னும் அருகில் இழுத்தாள். பக்கவாட்டில் மடல்கள் உடைந்த ஓரங்கள் சொரசொரப்பாகப் பொடிந்திருந்தன. அந்தப் பிளவின் ஓரங்களோ நேராக, கூராக இருந்தன. உடைந்ததும் வெட்டியதும் எப்படி வேறுபடும் என்பது அவளுக்குத் தினமும் பார்க்கிற விஷயம்.

"இது ஒடஞ்சது இல்ல," என்றாள் மெதுவாக. "கத்தி. ரெண்டே வெட்டு."

ஜாஸ்பர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அது நோயாளிகளின் நாற்காலி என்பதையும் மறந்திருந்தார்.

"அப்ப அந்த மனுசன் இத பாத்திருக்காரு," என்றார். "இலை ஒடஞ்சு போச்சேன்னு தூக்கி எறியல. அடடே, மீன் மாதிரில்லா இருக்கேன்னு பாத்து, ஒரு வாய வெட்டியிருக்காரு."

"ஆமா."

"விசுவாசியா இருந்ததுனால மீனாத் தெரிஞ்சிச்சா, சும்மா வெளையாட்டா?"

"அது தக்கைல இருக்காது அண்ணாச்சி."

அவர் சிரித்தார். அன்றைக்கு முதல்முறையாக.

பழைய கட்டுரையை அவர் தூக்கிப் போடவில்லை. பாதியைக் கிழித்துவிட்டு மீதியை இருவருமாகச் சேர்ந்து எழுதினார்கள். சாரம்மாள் அடித்த செய்தித்தாளின் படங்களை வரிசையாகச் சேர்த்தார்கள். ஆங்கிலத்தைத் திருத்தியது சித்ரலேகா. வரைபடம் ஜாஸ்பருடையது. பத்திரிகை இரண்டு பேர் பெயரையும் போட்டு வெளியிட்டது. இலையும் மீனும் ஒரே தக்கை என்று இதுவரை யாரும் கவனிக்கவில்லை என்று ஆசிரியர் குறிப்பும் எழுதியிருந்தார். வெஸ்ட் ஹார்லோ உறை வேறு எங்காவது இருந்தால் தெரிவிக்கச் சொல்லி வாசகர்களையும் கேட்டிருந்தார்.

சில மாதங்கள் கழித்து, அந்த ஊரிலிருந்தே ஒரு பெண்மணி மின்னஞ்சல் அனுப்பினார். தபால் அலுவலகம் ஒரு மளிகைக்கடைக்குள் இருந்ததாம். கடை எரிந்துபோனதால் போஸ்ட்மாஸ்டரைப் பற்றி எதுவும் மிஞ்சவில்லை. ஆனால் கடைக்குப் பின்னால் ஓடிய ஓடை இன்னும் ஓடுகிறது, அதில் ட்ரவுட் மீன் நிறைய உண்டு, மீன் பிடிக்கப் போவதற்காகக் கடையைப் பூட்டிவிட்டுப் போவது அந்த ஊரில் அப்போது சகஜம் என்று எழுதியிருந்தார்.

சித்ரலேகா அதைப் படித்துக் காட்டுவதற்காகவே கடைக்குப் போனாள்.

"பாத்தீங்களா அண்ணாச்சி. சாட்சியும் இல்ல, ஒண்ணும் இல்ல. தூண்டில்காரர்."

ஜாஸ்பர் ஒரு மோட்டாரின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்.

"சீடரு பேதுருவும் மீன் பிடிச்சவருதான டாக்டர்."

கல்லாவிலிருந்த சாரம்மாள் கைப்பேசியில் ட்ரவுட்டின் படத்தைத் தேடி எடுத்திருந்தாள். மூன்று பேரும் அதன் வாய் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்க்கத் தொடங்கினார்கள்.