முப்பது எண்ணும் வரை

"பதினேழு… பதினெட்டு…" என்று கூடத்திலிருந்து அவர் எண்ணிக்கொண்டிருந்தார். ஒரு காலை நாற்காலிமேல் நீட்டி வைத்து, நெற்றியை முழங்காலிடம் கொண்டுபோகும் முயற்சி. ஆறு மாதத்துக்கு முன்னால் நெற்றிக்கும் முழங்காலுக்கும் நடுவில் ஒரு குடத்தையே வைக்கலாம். இப்போது ஒரு சாண்கூட இல்லை. சமையலறையில் அவருடைய மனைவியும் எண்ணிக்கொண்டிருந்தாள். "பதினெட்டு… பத்தொம்பது…" குரல் மட்டும்தான் பயிற்சி செய்தது. கை வெங்காயம் நறுக்கியது.

ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த தாளில் ஏழு படங்கள் இருந்தன. தொடை, கெண்டைக்கால், இடுப்பு, முதுகு, தோள், மணிக்கட்டு, கடைசியில் கழுத்து. சைக்கிளில் நாலு மணி நேரம் குனிந்து உட்கார வேண்டுமென்றால் உடம்பு வளைந்து கொடுக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் முப்பது எண்ண வேண்டும், அதுவும் வாய்விட்டு எண்ண வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். "மனசுக்குள்ள எண்ணினா பன்னெண்டுலருந்து இருபத்தஞ்சுக்குத் தாவிடும். எனக்குத் தெரியாதா?" என்பார். வாய்விட்டு எண்ணினால் ஏமாற்ற முடியாது என்பது அவருடைய கண்டுபிடிப்பு. வாய்விட்டு எண்ணினாலே போதும் என்பது அவளுடைய கண்டுபிடிப்பு. முதல் மாதம் ஒழுங்காகத்தான் செய்தாள். பிறகு ஒரு நாள் பால் பொங்கியது, ஒரு நாள் வேலைக்கு நேரமாகிவிட்டது. நாளைக்குச் செய்துகொள்ளலாம் என்று நினைத்து நினைத்தே ஐந்து மாதம் ஓடிவிட்டது. எண்ணிக்கை மட்டும் ஒரு நாளும் தவறவில்லை.

"கழுத்து முடிச்சியா, கண்டக்டரம்மா?"

"முடிச்சாச்சு."

"ரெண்டு பக்கமும்?"

"ரெண்டு பக்கமும் முப்பது முப்பது. கிளம்புங்க, வெயில் ஏறிடும்."

சொல்லிவிட்டு அவள் வெங்காயத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வேறு பக்கம் பார்ப்பதற்கும் வழியில்லை. அவளுடைய கழுத்து வலது பக்கம் திரும்பாமல் இரண்டு மாதம் ஆகிறது.

அவள் வேலை செய்வது செயற்கைப் பல் செய்யும் ஒரு கூடத்தில். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை, தலையை இடது பக்கம் சாய்த்து, மெழுகில் பல் செதுக்குவாள். ஊரில் எத்தனையோ பேர் அவள் செதுக்கிய பல்லால்தான் சிரிக்கிறார்கள். பத்தொன்பது வருடம் ஒரே பக்கம் சாய்ந்த கழுத்து, அதோடு ஞாயிற்றுக்கிழமைதோறும் சைக்கிளில் குனிந்து தலையைத் தூக்கியபடி அறுபது கிலோமீட்டர். நீட்டி மடக்கிப் பழக்காத கழுத்து எத்தனை நாளைக்குத்தான் பொறுக்கும்? ஒரு நாள் காலையில் பூட்டிக்கொண்டது. வேலை முடிந்து வரும் வழியில், யாருக்கும் சொல்லாமல், ஒரு பிசியோதெரபி பெண்ணிடம் போய்க் காட்டினாள். சின்னப் பெண்தான். ஆனால் கட்டைவிரலை வைத்து அழுத்தியபோது உயிர் போய் வந்தது.

"மோவாய் தோள்கிட்ட வர்ற வரைக்கும் மெயின் ரோட்டுப் பக்கமே போகாதீங்கம்மா. பின்னால வர்றது தெரியாம எப்படி ஓட்டுவீங்க?" என்றாள் அந்தப் பெண்.

அவள் தலையாட்டினாள். மேலும் கீழும் நன்றாகத்தான் ஆடியது.

அவள் ஒருத்திக்கு மட்டும் தெரியாமல் போனால் பரவாயில்லை. அவருக்கும் சேர்த்து அவள்தான் பார்க்க வேண்டும். அச்சகத்தில் இருபத்தேழு வருடம் அவருக்கு வலது பக்கம் நின்ற மிஷின், அந்தப் பக்கத்துக் காதைத் தின்றுவிட்டது. ஒரே காதில் கேட்பவருக்குச் சத்தம் கேட்கும், அது எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரியாது. பின்னால் வரும் லாரி அவருக்கு இடது பக்கத்து வயலில் ஓடுவதுபோல் இருக்கும். திரும்பிப் பார்த்தால் வண்டி ஆட்டம் காணும். அதனால் இருவரும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். அவர் முன்னால் போவார், அவள் பின்னால் வருவாள். ரோட்டைக் கடக்க வேண்டிய இடத்தில் அவர் வலது கையை நீட்டுவார். அவள் திரும்பிப் பார்த்துவிட்டு மணியடிப்பாள். ஒரு முறை அடித்தால் வண்டி வருகிறது, பொறு. இரண்டு முறை அடித்தால் போகலாம். இரண்டு மணி கேட்டுவிட்டால் அவர் எதையும் பார்க்க மாட்டார், கண்ணை மூடிக்கொண்டு திரும்புவார். அதனால்தான் கண்டக்டரம்மா.

அந்தச் செவிட்டுக் காதால் வீட்டில் அவளுக்கு ஒரு வசதியும் இருந்தது. அவரைத் திட்ட வேண்டுமென்றால் வலது பக்கம் போய் நின்றுகொள்வாள். மனதில் இருப்பதையெல்லாம் கொட்டித் தீர்த்துவிட்டு, இடது பக்கம் வந்து, "டீ குடிக்கிறீங்களா?" என்பாள். "அப்பாவோட இடது காது தபால்பெட்டி, வலது காது குப்பைத்தொட்டி" என்று மகள் கேலி செய்வாள்.

சொல்லியிருக்கலாம். இரண்டு மாதத்தில் எட்டு ஞாயிற்றுக்கிழமை வந்து போய்விட்டது. ஒவ்வொரு சனிக்கிழமையும் சொல்லத்தான் வாயெடுத்தாள். அப்போதெல்லாம் அவர் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டோ, டயரில் காற்றை அமுக்கிப் பார்த்துக்கொண்டோ, வாயில் ஏதோ பாட்டை முனகிக்கொண்டிருப்பார். அச்சகத்தை மூடிய பிறகு இரண்டு வருடம் இந்த மனிதர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். சர்க்கரை ஏறிக்கொண்டே போனது. மகள்தான் பிடிவாதமாக இந்த இரண்டு சைக்கிளையும், ஆட்டுக்கொம்புபோல் வளைந்த கைப்பிடியோடு, கொண்டுவந்து நிறுத்தினாள். சைக்கிள் அவரைத் திருப்பிக் கொடுத்தது. கழுத்து திரும்பவில்லை என்று அவள் சொன்னால் அன்றைக்கே இரண்டையும் பரணில் ஏற்றிவிடுவார், அவள் இல்லாமல் தனியாகப் போகவும் மாட்டார், மறுபடி அந்தச் சுவர்தான். அதனால் காதை நம்பினாள். வரும் வண்டி சத்தம் போடாமலா வரும்?

ஒரு தடவை, பல் டாக்டர்கள் வாய்க்குள் விட்டுப் பார்க்கும் குட்டிக் கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்து கைப்பிடியில் கட்டிப் பார்த்தாள். ரோட்டு அதிர்வில் அதில் தெரிந்ததெல்லாம் அவளுடைய முழங்கையும் கொஞ்சம் வானமும்தான். "எதுக்கு இது?" என்றார். "அழகு பார்க்கத்தான், உங்களுக்கென்ன?" என்றாள். நல்லதாக ஒரு கண்ணாடி வாங்கினால் இதைவிடக் கறாராகக் கேட்பார் என்று அதோடு விட்டுவிட்டாள்.

அன்றைக்குக் கிளம்பும்போதே கழுத்து வழக்கத்தைவிட மோசமாக இருந்தது. ஹெல்மெட் வாரைப் பூட்டுவதற்கே பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. அவர் முன்னால் நல்ல வேகத்தில் போனார். முதுகு மேசைபோல் சமமாக இருந்தது. ஆறு மாதத்துப் பயிற்சி அந்த முதுகில் தெரிந்தது. முதல் திருப்பம் மார்க்கெட் அருகே. விடிகாலையில் அங்கே ஈ காக்கை இல்லை. காதைத் தீட்டிக் கேட்டுவிட்டு இரண்டு மணி அடித்தாள். இரண்டாவது, பெட்ரோல் பங்க் தாண்டி. தூரத்தில் ஏதோ உறுமியதுபோல் இருந்தது. ஒரு மணி அடித்தாள். வெகுநேரம் கழித்து ஒரு டிராக்டர் மெதுவாக அவர்களைத் தாண்டிப் போனது. அடுத்தது மாவு மில் திருப்பம். நெடுஞ்சாலையில் இந்தப் பக்கத்து இரண்டு தடத்தையும் குறுக்கே கடந்து, நடுத்திட்டில் விட்டிருக்கும் இடைவெளிக்குள் போக வேண்டும். அதைத் தாண்டினால் ஏரிக்கரைப் பாதை, வண்டி வாசனையே கிடையாது. இந்த ஒன்று மட்டும் நல்லபடியாகக் கடக்கட்டும், ஏரிக்கரையில் உட்கார்ந்து சொல்லிவிடுகிறேன் என்று தனக்குத்தானே சத்தியம் செய்துகொண்டாள். போன வாரமும் இதே இடத்தில் இதே சத்தியம்தான் செய்திருந்தாள்.

மில் வந்தது. அதன் சுவரில் இருந்த பெரிய காற்றாடி ஞாயிற்றுக்கிழமையும் ஓய்வில்லாமல் இரைந்துகொண்டிருந்தது. அவர் வேகத்தைக் குறைத்தார். வலது கையை நீட்டினார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். மோவாய் நாலு விரற்கடை நகர்ந்தது. காதுக்குக் கீழே பிடித்த தீ தோள்பட்டை வரை ஓடியது. கண்ணின் ஓரத்தில் தெரிந்தது சட்டையின் தோள் மடிப்பு, அவ்வளவுதான். இன்னும் கொஞ்சம் தள்ளிப் பார்த்தாள். கழுத்து மாட்டேன் என்றது. மில்லின் இரைச்சல், ஹெல்மெட் ஓட்டைகளில் காற்று, எங்கோ போய்க்கொண்டிருக்கும் ஒரு லாரி. வேறு எதுவும் இல்லை. எதுவும் இல்லைதானே? அவருடைய கை நீட்டியபடியே இருந்தது. ஐந்து விரலையும் விரித்து வைத்திருந்தார், குழந்தைகள் கை தூக்குவதுபோல. அவள் கட்டைவிரல் மணியின் மேல் இருந்தது.

இரண்டு முறை அடித்தாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு திரும்பினார்.

பஸ் எஞ்சின் சத்தமே இல்லாமல் வந்தது. பேட்டரியில் ஓடும் புது பஸ். அவளுடைய வலது தோளருகே முதலில் காற்று வந்தது, பிறகு நீல நிறத்தில் ஒரு சுவர் வந்தது, அதன் பிறகுதான் ஹாரன். அவள் கத்தினாள். என்ன கத்தினாள் என்று அவளுக்கே தெரியாது. பிரேக்கின் கிறீச்சில் அது கரைந்துவிட்டது. பஸ் இடது பக்கம் ஒடிந்து, அவளுக்கும் அவருக்கும் நடுவில் புகுந்தது. நீலத்தைத் தவிர வேறு எதையும் காணவில்லை. அவரைக் காணவில்லை. அந்தச் சில நொடியில் அவள் மனதில் ஓடியது ஒன்றே ஒன்று: நான் கொன்றுவிட்டேன்.

பஸ் முன்னேறி நின்றது. நடுத்திட்டின் இடைவெளியில், சைக்கிளை இரண்டு கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு, அவர் நின்றிருந்தார். டிரைவர் தலையை வெளியே நீட்டி, "யோவ், வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா?" என்று கத்திவிட்டு வண்டியை எடுத்தார். அவன் சொன்ன அந்த வீடு இந்தப் பக்கம், மில் சுவரோரம், ஒரு காலை ஊன்றி நின்றுகொண்டிருந்தது.

இறங்கினாள். சைக்கிளை அப்படியே பின்னால் திருப்பி, உடம்பையும் முழுசாகத் திருப்பி நின்று, ரோடு எதுவரை தெரிகிறதோ அதுவரை பார்த்தாள். கழுத்தில்லாத பொம்மைபோல் அப்படித் திரும்பித்தான் பார்க்க முடிந்தது. முதல் திருப்பத்திலேயே இப்படி இறங்கிப் பார்த்திருந்தால் என்ன குடிமுழுகியிருக்கும்? இரண்டு லாரியும் ஒரு காரும் போகக் காத்திருந்து, உருட்டிக்கொண்டு கடந்தாள்.

அவர் முகம் வெளுத்திருந்தது. ஆனால் சிரிக்கப் பார்த்தார்.

"ஹாரன் இடது பக்கம்தான் கேட்டுச்சு. இடது பக்கத்துலருந்து வருதுன்னு நினைச்சு வலது பக்கமா அழுத்தி மிதிச்சேன். அதான் தப்பிச்சேன். செவிட்டுக் காதுதான் காப்பாத்துச்சு."

"என்னங்க…"

"இரு. நான் சொல்லிடறேன்." அவள் உதடு அசைவதைப் பார்த்துச் சொல்லிவிட்டு, மணிக்கட்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். "நீ ஒரு தடவைதான் அடிச்சிருப்பே. எனக்கு ரெண்டாக் கேட்டுச்சு. சத்தியமா ரெண்டுதான் கேட்டுச்சு." இடது காதை உள்ளங்கையால் மூடினார், திறந்தார், மூடினார். "இதுவும் போகுது போல. மிஷின் இதையும் விடல பாரு."

அவள் சைக்கிளை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் உருட்டினாள்.

"இனிமே வண்டி வேண்டாம். ஒரு காதுன்னா சமாளிக்கலாம், ரெண்டும் போனா எப்படி? நாளைக்கே பரண்ல ஏத்திடறேன்." பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவர்போல், "நல்லவேளை, நீ பார்த்துட்டு அங்கயே நின்னுட்டே. எம் பின்னாலயே வந்திருந்தேன்னா…" என்றார். வாக்கியத்தை முடிக்காமல் ஏரிப் பக்கம் பார்த்து நின்றார்.

எவ்வளவு சுலபம். அவள் எதுவும் செய்ய வேண்டாம், சும்மா நின்றால் போதும். பழியை அவரே எடுத்துத் தன் காதில் மாட்டிக்கொண்டுவிட்டார். மெயின் ரோடு இல்லை, மணி இல்லை, கழுத்துக்கு நிதானமாக வைத்தியம் செய்துகொள்ளலாம். அவர் மறுபடி சுவரைப் பார்த்து உட்காருவார். இந்த முறை, நன்றாக இருக்கும் ஒரு காதைக் கெட்டுப்போய்விட்டது என்று நம்பிக்கொண்டு உட்காருவார். கூப்பிட்டால் ஒவ்வொரு தடவையும் நிஜமாகக் கூப்பிட்டாளா என்று சந்தேகப்படுவார். அவள் அதைப் பார்த்துக்கொண்டு வெங்காயம் நறுக்க வேண்டும்.

"ரெண்டுதாங்க அடிச்சேன்" என்றாள்.

அவர் ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னால திரும்ப முடியலங்க. ரெண்டு மாசமா முடியல. பார்க்காமத்தான் அடிச்சேன். அஞ்சு மாசமா நான் அந்தக் கழுத்துப் பயிற்சியச் செய்யல. சும்மா எண்ணினேன்."

சொல்லி முடித்தபோது அவளுக்கு உடம்பே இலேசானதுபோல் இருந்தது. இவ்வளவுதானா? அவர் திட்டவில்லை, திரும்பவில்லை, புருவம்கூட அசையவில்லை. இடது உள்ளங்கை மட்டும் மறுபடி அந்தக் காதை மூடியது, திறந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவள் நின்றுகொண்டிருந்தது அவருக்கு வலது பக்கம்.

யாரும் அவளை அங்கே நிற்கச் சொல்லவில்லை. ரோட்டைக் கடந்து வந்த கால், திட்டுவதற்கென்று இத்தனை வருடமாகப் பழகிய இடத்தில் தானாகவே போய் நின்றிருக்கிறது. சொன்னது சொன்னதுதான் என்று விட்டுவிடலாம். அவர் காதில் விழவில்லை என்றால் அவளா பொறுப்பு?

இரண்டு பக்கமும் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. நடுத்திட்டு குறுகலாக இருந்தது. அவள் தன் சைக்கிளைக் கம்பத்தில் சாய்த்து வைத்தாள். ஹெல்மெட்டைக் கழற்றினாள். கழுத்தை அசைக்காமல், முன்சக்கரத்துக்கும் தடுப்புச் சுவருக்கும் நடுவில் உடம்பை ஒடுக்கிக்கொண்டு, அவரைச் சுற்றி இடது பக்கம் போக ஆரம்பித்தாள். அவள் வருவதைப் பார்த்து, அவர் காதிலிருந்து கையை எடுத்தார்.