சிவப்புக் கோட்டுக்கு ரெண்டு பக்கமும்

காலையில கேம்ப் காபிக் கடையில யார்மிலா ஒரு ஹங்கேரிக்காரப் பொண்ணைப் பிடிச்சு நிறுத்தி வச்சிருந்தா. பொண்ணு கல்யாணமாகி புதுசா வந்தவ, பாவம், ஒண்ணும் தெரியாது.

"ஏம்மா, துண்டு எங்க? இங்க துணி இல்லாம இருக்கலாம். துண்டு விரிக்காம நாற்காலியில உக்காரக் கூடாது. உனக்கப்புறம் நானும்தான அதுல உக்காரணும்?"

பொண்ணுக்கு முகம் செவந்து போச்சு. யார்மிலா புருஷன் லுபோஷ் பின்னாடி நின்னு சிரிச்சாரு. "பயப்படாதம்மா. இவ எங்க வீட்டு கமாண்டர். தூக்கத்துல நான் கோணலா படுத்தாக்கூட எழுப்பித் திட்டுவா."

"நீங்க போய் உங்க பாறையில படுங்க. தொப்பியை மறக்காதீங்க" அப்படின்னா யார்மிலா.

அவர் வாய் தொறந்து பேசி அவ கேட்டது அந்தக் கிண்டல்தான் கடைசி.

ரெண்டு பேரும் செக் நாட்டுக்காரங்க. கோடை வந்தா எங்க இஸ்ட்ரியா கடற்கரைக்கு வந்து கூடாரம் போட்டுருவாங்க. அந்த கேம்ப்ல எல்லாரும் துணி இல்லாமதான் இருப்பாங்க, அதுல விகாரம் எதுவும் கிடையாது. ஆனா முறை இருக்கு. படம் எடுக்கக் கூடாது. மளிகைக் கடைக்குப் போனா இடுப்புல ஏதாவது சுத்திக்கணும். எல்லாத்துக்கும் மேல, அடுத்தவங்களை உத்துப் பாக்கவே கூடாது. கேம்ப் முடியற பாறையில சிவப்புக் கோடு போட்டு போர்டு வச்சிருக்கும். அதுக்கு அந்தப் பக்கம் ஊர்க்காரங்க குளிக்கற கரை. துணியில்லாம தாண்டினா போலீஸ் அபராதம் போடும். யார்மிலா இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட தாண்டினதில்ல. யாராவது தாண்டப் பாத்தாலும் விட மாட்டா.

லுபோஷோட பாறை அந்தக் கோட்டுக்குப் பக்கத்துலதான். மனுசன் படுத்து மூஞ்சி மேல தொப்பியைக் கவுத்துக்கிட்டா அசைய மாட்டாரு. பக்கத்துக் கூடாரத்து ஜெர்மன்காரர் டெட்லெஃப் அந்த வழியா குளிக்கப் போனாரு, திரும்பியும் வந்தாரு. தூங்கற மனுசனை உத்துப் பாக்கறது நாகரிகமில்லன்னு ரெண்டு தடவையும் கடலைப் பாத்துக்கிட்டே நடந்துட்டாரு. அன்னிக்கு அந்தப் பக்கம் போனவங்க எல்லாருமே கடலைத்தான் பாத்தாங்க.

மத்தியானம் வெயில் தாங்காம எல்லாரும் மரத்தடிக்குப் போயாச்சு. யார்மிலா சாப்பிடக் கூப்பிட வந்தா. "எந்திரிங்க, ரொட்டி காயுது"ன்னு தொப்பியை எடுத்தா. வாய் ஒரு பக்கமா இழுத்துக் கிடக்கு. கண்ணு தொறந்திருக்கு. அவளைப் பாக்குது, பேச்சு வரல. தோள் சுட்டு கொப்புளிச்சுப் போயிருக்கு.

போன் மேட்டு மேல கூடாரத்துல இருக்கு. துண்டும் அங்கதான். கோட்டுக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரத்துல, ஊர்க்காரங்க கடை. குடையும் நாற்காலியுமா ஜனம் உக்காந்திருக்கு. யார்மிலா கோட்டுகிட்ட வந்து நின்னா பாருங்க, உயிர் போற அவசரத்துலயும் கால் ஒரு நிமிஷம் அங்க ஒட்டிக்கிச்சு. அப்புறம் தாண்டி ஓடினா.

"என் வீட்டுக்காரர்! டாக்டர்! யாராவது வாங்க!"

செக் பேச்சு இங்க பாதி புரியும். அந்த வார்த்தைங்க முழுசாவே புரியும். ஆனா வாயைப் பாத்தாத்தான? எல்லார் கண்ணும் அவ உடம்பு மேல. ஒருத்தி தன் புருஷனை இடிச்சா. "அந்தப் பக்கம் திரும்புங்க. என்ன பார்வை?" ஒருத்தன் போனைத் தூக்கிப் படம் எடுக்கறான். பரிமாறுற பையன் டோன்ச்சி தட்டோட குறுக்க வந்து நின்னான்.

"பாட்டி, போர்டு கண்ணுக்குத் தெரியலையா? வெயில்ல மண்டை காஞ்சிருச்சா? போங்க அந்தப் பக்கம்."

அவ அவன் கையைப் பிடிச்சா. அவன் உதறினான். மேசைக்கு மேசை போய்க் கெஞ்சினா, எல்லாரும் நாற்காலியைப் பின்னாடி இழுத்துக்கிட்டாங்க. அதுக்குள்ள ஒருத்தர் போலீசுக்குப் போன் போட்டுட்டாரு. ஆம்புலன்சுக்கு யாரும் போடல.

உள்ள கணவாய் மீன் ஆஞ்சுட்டிருந்த சமையக்காரி நெவென்கா சத்தம் கேட்டு வெளிய வந்தா. வந்தவ ஒரு மேசை விரிப்பை உருவி, கிளாஸெல்லாம் கீழ உருள, யார்மிலா மேல போத்தினா. அவ கன்னத்தை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு, "என்னைப் பாரு. என்னடி ஆச்சு?"ன்னு கேட்டா.

அந்தக் கேள்விக்குத்தான் அவ அவ்வளவு நேரம் அலைஞ்சா.

சாயங்காலம் டவுன் ஆஸ்பத்திரி வராண்டாவுல அதே விரிப்போட உக்காந்திருந்தா. டாக்டர் வந்து சொன்னாரு, பக்கவாதம், உயிர் பொழச்சுக்குவாரு, வலது பக்கம் வராது, பேச்சும் கஷ்டம்தான். "வாய் கோணினப்பவே யாராவது பாத்திருந்தா கதையே வேற."

டெட்லெஃப் அவளோட துணிப் பையைக் கொண்டு வந்தவரு அப்படியே சுவத்துல சாஞ்சுட்டாரு. "நான் ரெண்டு தடவை அவரைத் தாண்டிப் போனேன். பாக்காம இருக்கறதுதான் மரியாதைன்னு..."

போலீஸ்காரத் தம்பி அபராதச் சீட்டைக் கையில வச்சுக்கிட்டு அவ காலுக்குக் கீழ தரையைப் பாத்து நின்னான். புகார் வந்துட்டதாம், அவனும் என்ன பண்ணுவான்.

"எழுதுங்க தம்பி" அப்படின்னா யார்மிலா. "நான் தாண்டினது நிஜம். சட்டம் சட்டம்தான், அதை நானே ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கேன். ஆனா ஒண்ணு கேட்டுக்கங்க. கோட்டுக்கு எங்க பக்கம் என் புருஷனை மரியாதைக்காக யாரும் பாக்கல. உங்க பக்கம் என்னைக் கண்கொட்டாமப் பாத்தாங்க, நான் கத்தினது யார் காதுலயும் விழல. அடுத்தவங்க உடம்பைப் பாக்காம இருக்கறது நாகரிகம்தான். ஆளையே பாக்காம இருக்கறது நாகரிகம் இல்ல, தம்பி. துணி இருக்கோ இல்லையோ, முதல்ல முகத்தைப் பாருங்க. உயிரோட இருக்காங்களான்னு பாருங்க."

அவன் எழுதி முடிச்சான். பேனாவை மூடிட்டு, வந்ததுலேருந்து முதல் தடவையா அவ முகத்தை நிமிந்து பாத்தான்.

"அம்மா, ஏதாவது சாப்டீங்களா?"