பூஜ்யம் காட்டாத கடிகாரம்

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அளக்கிற கருவியையே அளந்து பார்ப்பதுதான் அவள் வேலை. கடை கடையாக ஏறித் தராசுகளைச் சோதிப்பாள். சரியாக இருந்தால் முத்திரை குத்துவாள். இல்லையென்றால் தயவு தாட்சண்யம் இல்லாமல் பூட்டிவிட்டு வருவாள். கடைக்காரர்கள் முகத்துக்கு நேரே 'மேடம்' என்பார்கள், படியிறங்கியதும் 'முத்திரை' என்பார்கள். வீட்டில் அண்ணனும் அப்படித்தான் கூப்பிடுவான்.

அண்ணன் பஸ் டிரைவர். இரண்டு மாதத்தில் அவனுக்கு மருத்துவப் பரிசோதனை. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி எட்டுக்கு மேல் போனால் ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டார்கள். டெப்போ வாசலில் உட்கார்ந்து போகிற வருகிற வண்டிகளின் எண்ணை எழுத வேண்டியதுதான். இப்போது அவனுக்கு ஒன்பதரை. அப்பா கொஞ்சம் நடக்கட்டும் என்று மகள் ஒரு கடிகாரம் வாங்கிக் கையில் கட்டிவிட்டாள். எத்தனை அடி எடுத்து வைத்தான், எத்தனை கலோரி எரிந்தது என்று அது சொல்லும். எரிந்த அளவுக்குக் கூடுதலாகச் சாப்பிடலாம் என்று அண்ணன் தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டு, கேக்கை வெட்டு வெட்டென்று வெட்டிக்கொண்டிருந்தான்.

"பாரு முத்திரை, எந்திரிக்கும்போதே ஐநூறு! தூக்கத்துலயே எரிச்சிருக்கேன்" என்று ஒருநாள் காலையில் கையை நீட்டினான்.

அவளுக்கு மூக்கில் வியர்த்தது. வெறும் தட்டு பூஜ்யம் காட்ட வேண்டும். அவள் தொழிலில் அதுதான் முதல் பாடம். படுத்துக் கிடந்தவன் கையில் ஐநூறு எப்படி வரும்? அண்ணன் மகளைப் பிடித்துக் கேட்டாள்.

"அது சும்மா உயிரோட இருக்கறதுக்கு ஆகுறது, அத்தை. மூச்சு விட, ரத்தம் ஓட. அதையும் சேர்த்துதான் காட்டும்."

ஆக, உயிரோடு இருந்ததற்கே அண்ணன் தினமும் கேக் சாப்பிட்டிருக்கிறான்!

அதோடு விட்டாளா? விடுமுறை நாளில் நோட்டும் பேனாவுமாக அவன் பஸ்ஸில் ஏறி முதல் சீட்டைப் பிடித்தாள். கடிகாரம் கியர் போடும் கையில் இருந்தது. போகும்போது மூவாயிரத்துச் சொச்சம் அடி நடந்ததாகக் காட்டியது. அண்ணனோ சீட்டை விட்டு அசையவே இல்லை. தராசில் சந்தேகம் வந்தால் எடைக்கல்லைத் தட்டு மாற்றி வைத்துப் பார்ப்பாள் அவள். கடிகாரத்தையும் அடுத்த கைக்கு மாற்றச் சொன்னாள். அதே சாலை, அதே ஆள், திரும்பி வரும்போது ஆயிரத்து இருநூறு.

'பரவாயில்லை, இவ்வளவு கழித்துக்கொள் என்று ஒரு கணக்குச் சொல்லிவிடலாம்' என்று நினைத்தாள். எதற்கும் ஒரு சோதனை இருக்கட்டும் என்று, தன்னுடைய சோதனைக் கற்களை ஏற்றிய கைவண்டியை அவனைத் தள்ளச் சொன்னாள். கைப்பிடியை இறுகப் பிடித்துத் தெருக்கோடி வரை தள்ளிப்போய் வந்தான். சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. கை ஆடாததால் கடிகாரம் நூறு அடியைக்கூட எண்ணவில்லை.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. எப்போதும் நூறு கிராம் கூடக் காட்டுகிற தராசைத் திருத்திவிடலாம். ஒருநேரம் கூட, ஒருநேரம் குறைய என்று காட்டினால் எதைக் கழிப்பது?

"அப்ப நான் எவ்வளவுதான் சாப்பிடலாம்? நீயே சொல்லேன்" என்றான் மூச்சு வாங்க.

"தெரியாதுண்ணா." எந்தக் கடையிலும் அவள் சொல்லாத வார்த்தை அது. "இந்த நம்பரைப் பாத்துச் சாப்பிடாத. அது மட்டும் தெரியும்."

அன்றோடு கேக் நின்றது. பஸ் டெப்போவுக்குப் போய்ச் சேர்ந்தபின் தினமும் ஒரு மணி நேரம் நடந்தான். பேன்ட் இடுப்பில் நிற்காமல் வழுக்கத் தொடங்கியது. பார்க்கப் பார்க்க அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

பரிசோதனை நாளில் அவளும் கூடவே போனாள். ஆய்வகக்காரர் முடிவைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். எட்டு புள்ளி மூன்று.

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் அல்லவா? அவள் சட்டென்று எழுந்தாள்.

"இந்த மெஷினைக் கடைசியா எப்ப சோதிச்சீங்க?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சுவரில் ஒட்டியிருந்த சான்றிதழைக் காட்டினார். தேதி, கையெழுத்து, முத்திரை எல்லாம் கச்சிதமாக இருந்தன. அவள் அதை இரண்டு முறை படித்தாள். எங்காவது ஒரு பிழை அகப்படாதா என்று மூன்றாவது முறையும் படித்தாள். தராசைப் பூட்டும்போதெல்லாம் கடைக்காரர்கள் தன் சோதனைக் கல்லைக் காட்டிக் கேட்கிற அதே கேள்வியைத்தான் தானும் கேட்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. அழுகை முட்டியது.

அண்ணன் அவள் தோளில் கை வைத்தான்.

"விடும்மா. இது சரியாத்தான் காட்டுது."

பிறகு ஆய்வகக்காரரிடம் திரும்பி, மறுபரிசோதனைக்கு என்றைக்கு வர வேண்டும் என்று கேட்டான்.