ஆறு பேருக்கு ஆறு பரீட்சை

ஒருவர் தன் வாசலில் நின்றுகொண்டு உங்களைப் பார்த்து "கரிபு" என்று சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

உள்ளே போவீர்கள். சுவாஹிலியில் "வாங்க" என்பதற்கு அதுதான் சொல். டான்சானியாவில் எங்கள் ஊரான டாங்காவில், சாப்பிட்டுக்கொண்டிருக்கிற ஆள் கரிபு என்றால் கையைக் கழுவிக்கொண்டு பக்கத்தில் உட்கார வேண்டியதுதான். தட்டில் கொஞ்சம்தான் இருக்கிறதே என்று அவரும் பார்க்க மாட்டார், நாமும் பார்க்க மாட்டோம். ஆனால் நான் இருப்பது நைரோபியில். இங்கே கினோட்டி என்று ஒருவன் இருக்கிறான். அவன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தால் என்ன ஆகும் என்று எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

கோங் சாலையில் ஒரு பல் டாக்டருக்கு மேல் மாடியில் அவன் வீடியோ கேம் ஸ்டூடியோ. நான் அங்கே கேமை விளையாடிப் பார்த்துப் பிழை கண்டுபிடிக்கிற ஆள். கேட்கிறவர்களுக்குப் பொறாமையாக இருக்கும். ஒரே வண்டியை ஒரே சுவரில் காலையிலிருந்து சாயங்காலம் வரை மோதிப் பாருங்கள், பொறாமை போய்விடும். நான் டான்சானியாக்காரன் என்பதால் எல்லோருக்கும் நான் போங்கோ. ஷெம்டோ என்ற என் சொந்தப் பெயர் சம்பளம் போடுகிற பெண்ணுக்கு மட்டும்தான் தெரியும்.

எங்கள் கேம் மட்டாட்டு ஓட்டுகிற கேம். நைரோபித் தெருக்களில் பாட்டை அலறவிட்டுக்கொண்டு ஓடுகிற மினி பஸ். அதைப் பாதி செய்து முடித்திருந்தபோது ப்ரோகிராமர்கள் ஒவ்வொருவராகப் பாங்கு வேலைக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது மகோக்கா ஒருவன். கேமில் பணம் போடுகிறவர்கள் வெளிநாட்டிலிருந்து பார்க்க வருவதாக இருந்தார்கள். கினோட்டி, ஆறு ப்ரோகிராமர்கள் தேவை என்று அறிவிப்புப் போட்டான்.

நிறையப் பேர் வந்தார்கள். ஆறு பேரைப் பொறுக்கி, ஒவ்வொருவராகக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டுப் பேசினான். அந்த அறையின் கதவு ஒழுங்காகச் சாத்தாது. என் மேஜை அதை ஒட்டித்தான்.

"இது கம்பெனி இல்ல, குடும்பம். இங்க முதலாளின்னு யாரும் கிடையாது. என்னைக் கினோட்டின்னே கூப்பிடலாம்" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னான். நான் வந்த புதிதில் அப்படிக் கூப்பிட்டுப் பார்த்தேன். அன்றைக்கு முழுக்க என்னிடம் பேசவில்லை. அதிலிருந்து பாஸ்தான்.

மூன்றாவதாக வந்தவள் கவின்யா. கிட்டுயி ஊர்ப் பக்கத்துப் பெண். ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் ப்ரோகிராமர். உட்கார்ந்த உடனே ஆரம்பித்துவிட்டாள்.

"உங்க பழைய கேமை விளையாடினேன் பாஸ். அதுல கண்டக்டர் ஏன் கரண்ட் கம்பம் மாதிரி நிக்கிறான்?"

"வேற எப்படி நிக்கணும்?"

"நிக்கவே கூடாது. தொங்கணும். ஒரு கால் படியில, ஒரு கால் காத்துல. வண்டி நகர்ந்தப்புறம்தான் ஓடி வந்து ஏறணும். ஏறுறதுக்குள்ள யாரையாவது திட்டணும்."

கினோட்டி சத்தமாகச் சிரித்தான். "அப்போ அவனுக்கு நீயே உயிர் குடு. அதான் உனக்குப் பரீட்சை."

ஒரு வாரத்தில் கொண்டுவந்து காட்டினாள். கினோட்டி கடைசிவரை பார்த்தான். பிறகு எழுந்து நின்று இரண்டு கையையும் நீட்டினான். "கரிபு, கவின்யா. நம்ம வீட்டுக்குக் கரிபு." நான் என் காதால் கேட்டேன். மகோக்காவும் கேட்டான்.

மத்தியானம் தெருமுனைத் தகரக் கடையில் நான் சப்பாத்தியும் பீன்ஸ் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"கேட்டியா போங்கோ? கரிபு சொல்லிட்டாரு."

"கேட்டேன்."

"நாளைக்கே அந்த இன்சூரன்ஸ் மேனேஜர் மூஞ்சியில ராஜினாமாவை வீசப் போறேன்."

"வீசாதே. கையில குடு."

"டான்சானியாவுல நீங்கல்லாம் அடிக்கறதுக்கு முன்னாடிகூட 'தயவுசெஞ்சு'ன்னு சொல்லிட்டுத்தான் அடிப்பீங்களாமே, நிஜமா?"

"நிஜம்தான். அடிச்சப்புறம் நன்றியும் சொல்லுவோம்."

அவள் சிரித்தாள். எனக்கு எதிரே உட்கார்ந்து யாரும் சாப்பிட்டு வெகுநாள் ஆகியிருந்தது. அன்றைக்கு இரண்டாவது டீயும் குடித்தேன்.

சொன்னபடியே வேலையை விட்டாள். கினோட்டியிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அவள் எனக்குச் செய்தி அனுப்புவாள், நான் போய்க் கேட்பேன். "அடுத்த வாரம் சொல்றேன்னு சொல்லு" என்பான். அடுத்த வாரமும் அதையேதான் சொன்னான்.

அப்புறம் ஒரு நாள் கேமின் புதுப் பதிப்பு என் மேஜைக்கு வந்தது. ஓட்டிப் பார்த்தேன். கண்டக்டர் தொங்கினான். ஒரு கால் படியில், ஒரு கால் காற்றில். பயணிகளை ஏற்றிக்கொண்டு, வண்டிப் பக்கத்தை உள்ளங்கையால் டப் டப் டப் என்று மூன்று தடவை தட்டினான். வண்டி கிளம்பியது.

எனக்கு முதலில் கண்ணில் பட்டது பிழைதான். வேலை அப்படிப் பழக்கிவிட்டது. எங்கள் கேமில் ஒரு தட்டு என்றால் நில், இரண்டு தட்டு என்றால் போ. மூன்று கிடையாது. "கண்டக்டர் மூன்று முறை தட்டுகிறான், இரண்டாக வேண்டும்" என்று எழுதி அனுப்பிவிட்டு மகோக்காவிடம் போனேன்.

"இந்தக் கண்டக்டரை எழுதினது நீயா?"

"நான் எங்கடா எழுதறேன். பாஸ் அனுப்பினாரு, நான் ஒட்டினேன். மழை அனுப்பினாரு, ஒட்டினேன். போலீஸ்காரன் அனுப்பினாரு, ஒட்டினேன். பயணிங்க, சில்லறை குடுக்கறது, டிராபிக் ஜாம், எல்லாம் ஒட்டினேன். நான் இப்ப ப்ரோகிராமர் இல்லடா போங்கோ. பசை."

மழை, போலீஸ், பயணிகள், சில்லறை, டிராபிக், கண்டக்டர். ஆறு. கண்ணாடி அறைக்குள் போனவர்களும் ஆறு பேர்.

நீங்கள் ஒரு சமையல்காரரை வேலைக்கு எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். வந்தவர்கள் எல்லோரையும் ஒரே சப்பாத்தியைச் சுடச் சொல்வீர்கள். யாருடையது நன்றாக இருக்கிறதோ அவரை வைத்துக்கொள்வீர்கள். அதுதான் பரீட்சை. ஒருத்தரைச் சப்பாத்தி சுடச் சொல்லி, ஒருத்தரைக் குழம்பு வைக்கச் சொல்லி, ஒருத்தரைக் கறி வதக்கச் சொல்லி, ஒருத்தரைப் பாத்திரம் தேய்க்கச் சொன்னால் அதற்குப் பரீட்சை என்று பெயரா? அது விருந்து. கினோட்டி விருந்தைச் சாப்பிட்டுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டான். சமைத்தவர்கள் ஆறு பேரும் ஆறு வீட்டில் உட்கார்ந்து ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இருந்தாலும் நிச்சயமாகத் தெரிய வேண்டும் என்று கவின்யாவைக் கூப்பிட்டேன்.

"உன் கண்டக்டர் கிளம்பறதுக்கு எத்தனை தடவை தட்டுவான்?"

"மூணு. ஐயையோ, தப்பா? எங்க அண்ணன் முவிங்கி ஊருக்குப் போற வண்டியில கண்டக்டரா இருந்தான் போங்கோ. அவன் டிரைவருக்கு ஒரு காது கேக்காது. ரெண்டு தட்டினா ஒண்ணுதான் காதுல விழுமாம், கிளம்பாம நின்னுக்கிட்டே இருப்பாராம். அதனால மூணு தட்டுவான். சின்னதுலேர்ந்து பாத்தேனா, அப்படியே எழுதிட்டேன். பாஸ்கிட்ட சொல்லு, சேர்ந்த முதல் நாளே மாத்திடறேன்."

நான் ஸ்க்ரீனில் வண்டியை இன்னொரு தடவை ஓடவிட்டேன்.

"போங்கோ? எதுக்குக் கேக்கறே?"

"அவன் இங்க என் ஸ்க்ரீன்ல தட்டிக்கிட்டு இருக்கான்."

அவள் ஃபோனை வைத்துவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் நேராக மாடிக்கு வந்தாள். பணம் போடுகிறவர்கள் வருவதற்கு ஒரு நாள்தான் இருந்தது. கினோட்டி மகோக்காவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான்.

"என் கண்டக்டர் உங்க வண்டியில ஏறிட்டான். நான் எப்ப பாஸ் ஏறணும்?"

கினோட்டி முதலில் என்னைத்தான் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்துச் சிரித்தான். "உக்காரு கவின்யா. டீ சாப்பிடு."

"உக்கார வரல. நீங்க கரிபு சொன்னீங்க. நான் இருந்த வேலையை விட்டுட்டேன்."

"விடச் சொன்னேனா? கரிபுக்கு ரெண்டு அர்த்தம் இருக்கும்மா. 'வா'ன்னும் சொல்லலாம், 'கிட்டத்தட்ட'ன்னும் சொல்லலாம். நீ கிட்டத்தட்ட வந்துட்டே, அவ்வளவுதான். வேணும்னா போங்கோவைக் கேளு, சுவாஹிலி அவங்க வீட்டுச் சொத்து. ஏன்டா, ரெண்டு அர்த்தமும் இருக்கா இல்லையா?"

இருக்கிறது. அதுதான் வயிற்றெரிச்சல். ஒரே சொல்தான், இரண்டு அர்த்தமும் உண்டு. ஆனால் நான் பிறந்து வளர்ந்த ஊரில், வந்த ஆளை வாசலில் நிறுத்திவைத்து அந்த இரண்டாவது அர்த்தத்தை எடுத்து நீட்டியவனை நான் பார்த்ததில்லை.

"இருக்கு பாஸ்" என்றேன். "ஆனா ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு 'நம்ம வீட்டுக்குக் கிட்டத்தட்ட'ன்னு எவனும் சொல்ல மாட்டான்."

மகோக்காவுக்கு இருமல் வந்தது. கினோட்டியின் சிரிப்பு நின்றது.

"அது பரீட்சைப் பேப்பர்" என்றான் அவளிடம். "எந்தப் பரீட்சையில பேப்பரைத் திருப்பிக் குடுத்திருக்காங்க?"

"அந்த மூணு தட்டு என் அண்ணனோடது."

"அப்படியா. மகோக்கா, அந்த மூணை ரெண்டாக்கு. போங்கோவே பிழைன்னு எழுதியிருக்கான்ல?"

மகோக்கா தலையைத் தூக்கவே இல்லை. ஒரு எழுத்தை அழித்து ஒரு எழுத்தை அடித்தான். வண்டியை ஓடவிட்டான். டப் டப். கிளம்பியது. நான் எழுதி அனுப்பிய பிழையை வைத்தே கினோட்டி அவளுடைய அடையாளத்தைத் துடைத்துவிட்டான்.

"இப்ப சொல்லு, இதுல எது உன்னோடது?" என்றான் கினோட்டி.

நான் அவனுக்கும் ஸ்க்ரீனுக்கும் நடுவே போய் நின்றேன். "மழை யாரோடது பாஸ்? போலீஸ்காரன் யாரோடது? அந்த அஞ்சு பேருக்கும் கரிபு சொல்லியாச்சா?"

"போங்கோ, நீ சும்மா இரு" என்றாள் கவின்யா.

நான் இருக்கவில்லை. "அஞ்சு பேருக்கும் நானே ஃபோன் பண்றேன். நாளைக்குப் பணம் போடறவங்க கார்லேர்ந்து இறங்கறப்போ ஆறு பேரும் கீழ வாசல்ல நிப்பாங்க. உன் குடும்பத்தை அவங்களும் பாக்கட்டும்."

அவனை நான் நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

கினோட்டி கத்தவில்லை. என்னைத் தாண்டிப் போய் கவின்யாவின் பக்கத்தில் நின்று, குரலை இறக்கிச் சொன்னான். "இதுக்கு எதுக்கு இவ்வளவு சண்டை? நாளைக்குக் காலையில வந்து சேரு. இப்பவே கையெழுத்துப் போட்டுத் தரேன். வந்த ஆறு பேர்ல உன்னோடதுதான் நல்லா இருந்துச்சு."

"மத்தவங்களுக்கு?" என்று நான்தான் கேட்டேன். அவள் கேட்கவில்லை, அவன் கையெழுத்துப் போட்டு நீட்டிய தாளை வாங்கிக்கொண்டாள்.

அவள் படியில் இறங்கும்போது பின்னாலேயே போனேன். பல் டாக்டர் வாசலில் திரும்பி நின்றாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அந்தக் கோபம் அவன்மேல் என்று நினைத்துக்கொண்டு நான் ஏதோ ஆறுதல் சொல்லப் போனேன்.

"உன்னை யாரு பேசச் சொன்னா?" என்றாள். "நான் எனக்காக வந்தேன். அஞ்சு பேருக்காக வரல. அவங்க யாருன்னே எனக்குத் தெரியாது."

"அவன் உன் கண்டக்டரைத் திருடினான் கவின்யா."

"தெரியும். என்னைவிட உனக்கு ஜாஸ்தி தெரியுமா? நான் வாடகை வீட்டுல இருக்கேன், திரும்பிப் போக ஆபீஸ் இல்ல. உனக்கு மாசமானா சம்பளம் வருது, அதனால கோபம் வருது. எனக்குக் கோபம் வந்தா யாரு சோறு போடுவா?"

"அதுக்காக அவன்கிட்டயா வேலை பாப்பே?"

"நீ பாக்கலையா?"

கேட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

சாயங்காலம் விண்ணப்பங்களிலிருந்து நம்பர் எடுத்து அந்த ஐந்து பேருக்கும் ஃபோன் செய்தேன். இரண்டு பேர் எடுக்கவில்லை. மழை எழுதிய பையன் நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "வந்து நின்னா வேலை கிடைக்குமா அண்ணே?" என்று கேட்டான். தெரியாது என்றேன். போலீஸ்காரனை எழுதியவள் அழுதாள். ஐந்தாவது ஆள் என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினான், நானும் கினோட்டியின் ஆள்தான் என்று.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கவின்யா வேலையில் சேர்ந்தாள். வாசலில் வேறு யாரும் வந்து நிற்கவில்லை. நான் எட்டரைக்குப் போனேன். ஸ்டூடியோ கதவில் என் ஆபீஸ் அட்டையை வைத்துப் பார்த்தேன், கதவு திறக்கவில்லை.